ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இருபத்துமூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் அணைந்தன.

யாரும் சத்தம் போடவில்லை. தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பழகிப்போனவர்களாகக் காத்திருந்தார்கள். அரை நிமிடத்தில் திரைகள் தாமாகவே மறுபடி விழிக்க ஆரம்பித்தன.

"நாலு நாளா இதே கூத்துதான் மேடம்," என்றார் உதயசூரியன்.

ஐம்பதைத் தாண்டியவர். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருக்கும் உதயம் கணினிப் பயிற்சி மையம் அவருடையது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பையில் மூன்று பேனா.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டிரஸ்ட்டோட செயலாளர் வர்றாங்க. பதினொரு ஸ்கூல் நடத்துறவங்க. எல்லா ஸ்கூல்லயும் நம்ம சாப்ட்வேரைப் போடுறதாப் பேச்சு. அவங்க கண்ணு முன்னாடி இப்படி ஆச்சுன்னா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது."

"என்ன சாப்ட்வேர் அது?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

"'வரிசை'ன்னு பேரு. தமிழ்லயே புரோகிராம் எழுதலாம். 'இதைச் செய், பெறகு அதைச் செய்'னு பிள்ளைங்க எழுதுனா கம்ப்யூட்டர் செய்யும். நானே ராப்பகலா ஒக்காந்து ஒவ்வொரு வரியா எழுதுனது."

"ராப்பகலா எழுதுனா அதுக்கும் தூக்கம் வரும்ல சார்," என்றான் செல்லமுத்து. "அதான் கண்ணசருது."

உதயசூரியன் சிரிக்கவில்லை. செல்லமுத்து அதை எதிர்பார்க்கவும் இல்லை. பிரகதாம்பாளிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன் எட்டு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். யாரும் சிரிக்காத பஸ்ஸிலும் பேசிப் பழகியவன்.

பிரகதாம்பாளுக்கு நாற்பத்தாறு வயது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். அழிந்துபோன ஃபைல்களை மீட்டுக் கொடுக்கப் போய், அழித்தவர்களின் ரகசியங்களும் மடியில் வந்து விழ ஆரம்பித்ததும், அதையே தொழிலாக்கிக்கொண்டு துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள்.

"எதையெல்லாம் செஞ்சு பாத்தீங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "ரேமைக் கழட்டித் தொடச்சு மாட்டுனோம். ஃபேனைச் சுத்தம் பண்ணுனோம். மூணு மிஷின்ல விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டோம். வைரஸ் இருக்கான்னு தேடியாச்சு. கரண்ட்டு சரியில்லையோன்னு யூபிஎஸ்ஸும் மாத்தியாச்சு."

சொன்னவள் காவ்யா. அந்த மையத்தின் ஆசிரியை. இருபத்திரண்டு வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற ரகம்.

"எலுமிச்சம்பழமும் கட்டியாச்சு," என்றான் செல்லமுத்து, வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தபடி.

பிரகதாம்பாள் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் 'வரிசை'யைத் தொடவே இல்லை. ஐந்து வீடியோக்களை ஒன்றாக ஓடவிட்டாள். பெரிய பெரிய படங்களைத் திறந்து வெட்டி ஒட்டினாள். இருபத்தைந்து நிமிடம் கழிந்தது. கம்ப்யூட்டர் முக்கவும் இல்லை, முனகவும் இல்லை.

"மிஷின்ல கோளாறு இல்லை. நோஞ்சான் மிஷினா இருந்தா இந்நேரம் படுத்திருக்கும்."

பிறகு 'வரிசை'யைத் திறந்தாள். 'ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணு. ஒவ்வொரு எண்ணையும் காட்டு' என்று எழுதினாள். எழுதியதைச் சேமிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் திரை அணைந்தது. திரும்பி வந்ததும் 'வரிசை'யை மறுபடி திறந்தாள். அவள் எழுதிய வரிகள் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தன.

"செல்லமுத்து, ஒன் பஸ் கவுந்தா என்ன ஆகும்?"

"லக்கேஜெல்லாம் செதறும் மேடம்."

"இங்க செதறலை."

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். "அப்ப யாரோ பஸ்ஸை ஓரமா நிறுத்தி, எல்லாரையும் பத்திரமா எறக்கிவிட்டு, லக்கேஜையும் கையில குடுத்துட்டு, அதுக்கப்புறமாக் கவுக்குறாங்க."

"அதேதான். விபத்து யாரு பொருளையும் பத்திரமா வைக்காது."

கம்ப்யூட்டர் தனக்கு நேர்வதையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவைத் திறந்து உதயசூரியனுக்குக் காட்டினாள். எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம்தான். 'வரிசை' நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன்.

உதயசூரியனின் முகம் சிவந்தது. "அப்ப உள்ளயே யாரோ வெடி வச்சிருக்கான். ஆளை மட்டும் காட்டுங்க மேடம். இந்த மாவட்டத்துல ஒரு பயலும் வேலை குடுக்காதபடி பண்ணிடுறேன். ஏற்கனவே ஒரு ஆளை அப்படி ஆக்கி வச்சிருக்கேன். இதை ரெண்டாவதா வச்சுக்கிறேன்."

காவ்யா ஜன்னலைச் சாத்தப் போனாள். ஜன்னல் ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது.

"ஏழாம் நம்பர் மட்டும் ஏன் அணையலை?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

"அதோட நெட்வொர்க் கேபிளை எலி கடிச்சிருச்சு," என்றாள் காவ்யா. "அது தனியா நிக்குது."

செல்லமுத்து மேஜைக்கடியில் புகுந்து கேபிள் நுனியை வெளியே இழுத்தான். பிசிறில்லாமல் நேராக இருந்தது வெட்டு. அதை அவன் பிரகதாம்பாளின் பக்கமாகத் திருப்பிக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினான். எழுந்து தூசியைத் தட்டும்போது அவள் காதருகே சொன்னான்.

"கத்தரிக்கோல் வச்சிருக்க எலி மேடம்."

அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஏழாம் நம்பரில் 'வரிசை'யின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த எட்டாம் நம்பரில் அதே பக்கத்தைப் பார்த்தாள். இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"எந்தக் கெழமை இதைப் போட்டீங்க சார்?"

"திங்கக்கெழமை."

"அணைய ஆரம்பிச்சது?"

"புதன்."

"செவ்வாய்க்கெழமை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலை. மொதப் பக்கத்துல நம்ம சென்டர் பேரு, என் பேரு, படம் எல்லாம் வச்சு அழகு பண்ணுனோம். காவ்யாதான் நெட்வொர்க் வழியா எல்லா மிஷினுக்கும் அனுப்புச்சு."

"கேபிள் இல்லாததால ஏழுக்குப் போகலை."

"அது கெடக்குது பழசு," என்றார் உதயசூரியன்.

காரில் ஏறியதும் பிரகதாம்பாள் செல்போனைச் செல்லமுத்துவிடம் நீட்டினாள். எட்டாம் நம்பர் படத்தில், உருவாக்கியவர்: உதயசூரியன். ஏழாம் நம்பர் படத்தில், உருவாக்கியவர்: ச. ராஜலட்சுமி, கீரமங்கலம்.

"சார் வேலை கெடைக்காம ஆக்குன அந்த ஆளு யாருன்னு கீழ உரக்கடையில விசாரிச்சுட்டேன் மேடம். ஒரு டீதான். முழு வரலாறும் வந்துருச்சு. ராஜலட்சுமி இங்க டீச்சரா இருந்தவங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிட்டாங்க. இப்ப கீரமங்கலத்துல பூ கமிஷன் கடையில நிக்கிறாங்களாம்."

"வண்டியை எடு."

வடகாடு வழியாகப் போய்ச் சேரும்போது பன்னிரண்டேகால். காலை ஏலம் முடிந்து சந்தை களைத்திருந்தது. தரையெல்லாம் மிதிபட்ட மல்லிகை. ஒரு கடையில், தராசுக்குப் பின்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஈரத் துணியை விலக்கிப் பூவை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"ராஜலட்சுமிங்களா?"

"ஆமா. பூ எவ்வளவு வேணும்?"

"பூ வேணாம். 'வரிசை'யைப் பத்திப் பேசணும்."

தராசிலிருந்து அவள் கை விலகியது. "யாரு அனுப்புனது?"

"உதயசூரியன்."

"அப்ப பூவும் வாங்கிட்டே போங்க. அவருக்கு மாலை போட ஒதவும்."

எந்த மாலையைச் சொல்கிறாள் என்பதில் செல்லமுத்துவுக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

பிரகதாம்பாள் படங்களைக் காட்டினாள். ராஜலட்சுமி முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவது படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"மூணு வருஷம் எழுதுனேங்க இதை. பஸ்ல வரும்போது நோட்டுல எழுதுவேன், சென்டர்ல போய் அடிப்பேன். முடிச்ச வாரத்துல அட்மிஷன் நாள் வந்துச்சு. பெத்தவங்க எல்லாரும் வந்திருந்தாங்க. ஆபீஸ் ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்னு சொன்னாரு. எல்லார் பையையும் பாக்கணும்னாரு. என் பையில இருந்துச்சு. போர்டுக்கு முன்னாடி என்னைய நிக்கச் சொல்லிட்டுப் பையைத் தலைகீழாக் கொட்டுனாரு. சாப்பாட்டு டப்பா, சீப்பு, நாப்கின் பாக்கெட்டு எல்லாம் நான் பாடம் சொல்லிக் குடுத்த பிள்ளைங்க காலடியில கெடந்துச்சு. எதுத்தாப்புல பஸ் ஸ்டாண்டுல காத்திருந்த எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் நின்னேன்."

"போலீஸ்ல சொன்னாரா?"

"எழுதிக் குடுத்தாரு. அப்ப ஒரு ஸ்கூல்ல எனக்கு வேலை ஒறுதியாகி இருந்துச்சு. வேணாம்னுட்டாங்க. அடுத்த ஸ்கூலுக்குப் போனா எனக்கு முன்னாடியே அவர் போன் போயிருக்கும்."

"நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?"

இந்தக் கேள்வி எதற்கு என்பதுபோல ராஜலட்சுமி நிமிர்ந்தாள். "நின்னவளுக்கு மணி தெரியுமா? கடிகாரம் என் தலைக்கு மேல, போர்டுக்கு மேல மாட்டியிருந்துச்சு."

"வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அவள் யோசித்தாள். "காவ்யாவுக்கு. அவதான் சாட்சி. 'அக்கா பையில வைக்கிறதைப் பாத்தேன்'னு சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்கலை. என் தலைக்கு மேல அந்தக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னா."

பிரகதாம்பாள் செல்போனை உள்ளே வைத்தாள். "புது சாப்ட்வேரைத் திறந்தா பன்னண்டாவது நிமிஷம் மிஷின் அணையுது. பிள்ளைங்க எழுதுனது மட்டும் பத்திரமா இருக்கு. நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்சிருந்தா பன்னண்டு நிமிஷம் விட்டிருக்க மாட்டேன்," என்றாள் ராஜலட்சுமி. "எதையும் பத்திரமாவும் வச்சிருக்க மாட்டேன். அந்தக் கட்டடமே இருந்திருக்காது."

சொன்ன விதத்தில் கோபமே இல்லை. பூவின் விலையைச் சொல்வதுபோல இருந்தது. அதுதான் பிரகதாம்பாளை நம்ப வைத்தது.

"அவ நல்லா இருக்காளா?"

"யாரு, காவ்யாவா? நல்லா இருக்க மாதிரி தெரியலை."

"சந்தோசம்."

"சாயங்காலம் நாலு மணிக்குக் கறம்பக்குடி வாங்க."

"எதுக்கு? மறுபடியும் நிக்கவா?"

"இன்னைக்கு நிக்கப் போறது நீங்க இல்லை."

ராஜலட்சுமி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. துணியை விலக்கி மறுபடி பூவை நிறுக்க ஆரம்பித்தாள்.

திரும்பும் வழியில் செல்லமுத்து இரண்டு ஊர் தாண்டும்வரை பேசாமல் ஓட்டினான். அவனுக்கு அது பெரிய சாதனை.

"அப்ப எலி காவ்யாதான்னு சொல்றீங்க. ஆனா மேடம், அந்தப் பொண்ணுதானே பொய்ச்சாட்சி சொன்னது. எதுக்கு இந்தப் பக்கம் நின்னு அடிக்குது?"

"அதைத்தான் கேக்கப் போறேன்."

மூன்றே கால் மணிக்குப் பயிற்சிக் கூடத்தில் காவ்யா மட்டும் இருந்தாள். ஒவ்வொரு மேஜையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதயசூரியன் பூங்கொத்து வாங்கப் போயிருந்தார்.

"எலிக்குக் கத்தரிக்கோல் யாரு குடுத்தது?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

காவ்யா துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆபீஸ் டிராயர்ல இருந்துச்சு. நான்தான் வெட்டுனேன். ஒரு மிஷின்லயாவது அக்கா பேரு அழியாம இருக்கணும்னு."

"அணைக்கிற வரியும் நீ எழுதுனதுதானே?"

"செவ்வாய்க்கெழமை எழுதுனேன். மொதப் பக்கத்துல அவங்க பேரைத் தேடும். இல்லைன்னா அக்கா போர்டுக்கு முன்னாடி நின்ன அதே பன்னண்டு நிமிஷம் பொறுத்து, எல்லாத்தையும் சேமிச்சுட்டு அணைச்சிரும். அவங்க பேரை இவர் எடுக்காம இருந்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. அழிக்கச் சொன்னது அவர்தான். வெடியோட திரியை அவரே பத்த வச்சுக்கிட்டாரு."

"பொய் சொன்னதுக்குப் பிராயச்சித்தமா?"

"பொய் மட்டும்தான் சொன்னேன்னு நெனைக்கிறீங்களா?" காவ்யா துணியைக் கீழே வைத்தாள். "டிஸ்க்கைப் பையில வச்சதே நான்தான். வேலைக்குச் சேரும்போது என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கிப் பீரோவுல பூட்டிக்கிட்டாரு. வைக்கலைன்னா கிழிச்சுப் போட்டுருவேன்னாரு. எங்க வீட்டுல மொதல்ல படிச்சவ நான். பயந்துட்டேன். இன்னும் அந்தப் பீரோவுலதான் இருக்கு. ரெண்டு வருஷமா அந்த மனுசனுக்குக் காலையில வணக்கம் சொல்றேன். ஒவ்வொரு வணக்கத்துக்கும் உள்ளுக்குள்ள ஒண்ணு சேத்து வச்சேன்."

"இதை என்கிட்ட இப்படி ஒடச்சுச் சொல்ற. நான் அவர் கூப்பிட்டு வந்த ஆளு."

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். சின்னச் சிரிப்பு, இனிமையானது இல்லை.

"ஒங்க நம்பரை அவர்கிட்ட குடுத்தது யாருன்னு கேட்டீங்களா?"

பிரகதாம்பாள் கேட்டிருக்கவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டவள், காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியை விட்டிருந்தாள்.

"நானே நேராச் சொன்னா யாரு நம்புவா?" என்றாள் காவ்யா. "ஒரு தடவை பொய் சொன்ன வாயி. சும்மா ரிப்பேர் பாக்குறவங்க வந்தா அந்த ஒரு வரியை அழிச்சுட்டுப் போயிருவாங்க. ஏன் இந்த வரி இருக்குன்னு கேக்குற ஆளு வேணும். அவரே கூப்பிட்ட ஆளா இருக்கணும். அப்பத்தான் அவரால மறுக்க முடியாது."

"சபையில சொன்னா ஒன் மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும். அவரைத் தனியா அனுப்ப எனக்கு இஷ்டமில்லை."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உதயசூரியன் பூங்கொத்தோடு உள்ளே வந்தார்.

"என்ன மேடம், கண்டுபிடிச்சாச்சா?"

"கண்டுபிடிச்சாச்சு. ஒங்க சாப்ட்வேர் மொதப் பக்கத்துல ஒரு பேரைத் தேடுது. கெடைக்கலைன்னா அணைச்சிருது."

"எந்தப் பேரை?"

"ராஜலட்சுமி."

பூங்கொத்திலிருந்து ஒரு ரோஜா நழுவி விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. அதை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார். "திருட்டுக் கழுதை. போகும்போது வச்சுட்டுப் போயிருக்கா. காவ்யா, அந்த வரியைத் தூக்கு."

"தூக்குறேன் சார். என் சர்டிபிகேட்டைக் குடுங்க."

"என்னது?"

"பீரோவுல இருக்குல்ல சார். குடுங்க, தூக்குறேன்."

மணி மூன்றே முக்கால். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், காவ்யாவைப் பார்த்தார், பிரகதாம்பாளைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, நீல நிற ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் வீசினார்.

"சாட்சிக்கு நான் இருக்கேன்மா," என்றான் செல்லமுத்து. "சார் சந்தோசமாத்தான் குடுத்தாருன்னு சொல்றேன்."

"ஒங்க வேலை முடிஞ்சுது மேடம். கெளம்பலாம்," என்றார் உதயசூரியன்.

"வந்தது வந்தோம், நிகழ்ச்சியைப் பாத்துட்டே போறோமே."

அவரால் மறுக்க முடியவில்லை. விருந்தினரின் கார் வந்துவிட்டது.

டிரஸ்ட் செயலாளர் சந்தனமேரி முப்பது வருஷம் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். பூங்கொத்தை வாங்கிப் பார்க்காமலேயே பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் திரைகளைப் பார்க்க ஆரம்பித்தார். பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள். உதயசூரியன் மைக் பிடித்தார். தான் எப்படித் தூக்கமில்லாமல் எழுதினார், என்ன தியாகங்கள் செய்தார் என்று பேசிக்கொண்டே போனார். பேச்சுக்கு நடுவே பத்துத் தடவையாவது கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு பன்னிரண்டு. ஒரு திரையும் அணையவில்லை. அவருடைய தோள்கள் இறங்கின. சிரிப்பு அகலமாயிற்று.

"எல்லாம் நீங்களே எழுதுனதா?" என்றார் சந்தனமேரி.

"ஒவ்வொரு வரியும் மேடம்."

காவ்யா தன் மேஜையில் ஒரு பொத்தானைத் தட்டினாள். இருபத்துமூன்று திரைகளிலும் முதல் பக்கம் திரும்பி வந்தது. படம் இல்லை. சென்டர் பெயர் இல்லை. உருவாக்கியவர்: ச. ராஜலட்சுமி, கீரமங்கலம்.

சுவரோரம் யாரோ அந்தப் பெயரை மெதுவாகப் படித்தார்கள்.

"இது... முன்னாடி வேலை பாத்த ஸ்டாஃப். ஏதோ தப்பா வந்துருச்சு," என்றார் உதயசூரியன்.

"அப்படியா? தப்புன்னா திருத்திருங்க," என்று சந்தனமேரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒரு வரிதானே. நீங்க எழுதுனதுதானே. எங்க மாத்தணும்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

உதயசூரியன் உட்கார்ந்தார். வேறு வழி இல்லை. பத்து விரல்களும் பொத்தான்களுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. எதைத் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை," என்றார்.

"பையில இருக்கு சார்," என்றான் செல்லமுத்து. "பேனாவுக்குப் பின்னாடி."

"எந்திரிங்க. நான் மாத்தித் தாரேன்."

குரல் வாசலிலிருந்து வந்தது. சேலையில் பூ ஈரம் காயாமல் ராஜலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. சில பெற்றோர்கள் அடையாளம் கண்டு முணுமுணுத்தார்கள்.

அவள் கம்ப்யூட்டரின் பக்கம் போகவில்லை. நேராகக் காவ்யாவின் முன்னால் போய் நின்றாள்.

"நீ சொல்லு."

காவ்யா எழுந்தாள். இந்தத் தடவை கண் வேறெங்கும் போகவில்லை. "ஹார்ட் டிஸ்க்கை அக்கா எடுக்கலை. நான்தான் அவங்க பையில வச்சேன். வைக்கச் சொன்னது இவர். பாத்தேன்னு சொல்லச் சொன்னதும் இவர். இந்த சாப்ட்வேரை எழுதுனது அக்கா. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன்."

உதயசூரியன் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். செல்லமுத்து நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். ஒரு பக்கம்கூட நகரவில்லை.

"இங்க ஸ்டாப்பிங் இல்லை சார்."

"வேலைக்காரப் பொண்ணுங்க பேச்சை நம்பாதீங்க மேடம்," என்று அவர் சந்தனமேரியிடம் திரும்பினார்.

"நான் அவங்க பேச்சை நம்பலை," என்றார் சந்தனமேரி. "நாற்காலியில ஒக்காந்து நீங்க முழிச்சதை நம்புறேன்."

ராஜலட்சுமி அவருக்கு எதிரே வந்தாள். "என் பையை எந்த எடத்துல கொட்டுனீங்க?"

அவர் மறுபடி வாசலைப் பார்த்தார்.

"காட்டுங்க."

அவருடைய விரல் மெல்ல நீண்டு போர்டுக்கு முன்னாலிருந்த தரையைக் காட்டியது.

"அங்க போய் நில்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். தனக்காக யாராவது ஒரு வார்த்தை பேசுவார்களா என்று பெற்றோர்களின் முகங்களில் தேடினார். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டார். ஒரு அம்மா தன் மகளின் தோளைப் பிடித்து அவரிடமிருந்து தள்ளி நிறுத்தினாள். உதயசூரியன் போய் அந்த இடத்தில் நின்றார்.

"சொல்லுங்க."

"அது... அப்ப ஒரு ஆசையில..."

"பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கலை."

"அவங்க எடுக்கலை," என்றார் உதயசூரியன், இருப்பதிலேயே உயர்ந்த குரலில். அந்தக் குரலும் நடுவில் உடைந்தது. "நான்தான் வைக்கச் சொன்னேன்."

ராஜலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரும், கை ஓங்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். இரண்டும் நடக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவளின் முகம்போல இருந்தது அவள் முகம். சந்தனமேரி ஏதோ சொல்ல வந்தபோது, "திங்கக்கெழமை நானே ஒங்க ஆபீசுக்கு வாரேங்க. இன்னைக்கு வேற வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

காவ்யா பின்னாலேயே ஓடினாள். பிரகதாம்பாளும் செல்லமுத்துவும் கீழே வந்தபோது, ராஜலட்சுமி உரக்கடை முன்னால் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

"அக்கா," என்றாள் காவ்யா.

"மன்னிப்பு கேக்காத. என்கிட்ட அது இல்லை."

"கேக்க வரலைக்கா."

"மேல சொன்னதை அப்படியே ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்."

"குடுக்குறேன்."

"வச்சது நான்னு ஒன் பேரையும் சேத்து எழுதணும். அவரோட நீயும் உள்ள போவ."

"தெரியும்க்கா."

ராஜலட்சுமி வண்டியைக் கிளப்பினாள். "ஏறு."

காவ்யா நீல ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். முன்னாலிருப்பவளின் தோளைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்று, பின்பக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டது. ஸ்கூட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையில் திரும்பியது.

செல்லமுத்து அது மறையும்வரை பார்த்தான்.

"மன்னிச்சுட்டாங்களா மேடம்?"

"இல்லை."

"பெறகு எதுக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போறாங்க?"

"நடந்து வரச் சொன்னா நேரமாகும்ல," என்றாள் பிரகதாம்பாள்.